பெயரை மட்டும் மறைத்தேன்

1

என் பெயர் வளர்மதி. காரைக்கால், தருமபுரம். கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற நடராசனின் மூத்த மகள். எங்கள் வீடு தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்தில், பச்சை கேட் போட்டது. கேட்டின் வலது கதவு சாய்ந்திருக்கும். புகுந்த வீடு நெரவி. கல்யாணத்தன்று சமையல்காரர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு பாதியில் கிளம்பிப் போக, இரண்டாவது பந்திக்கு ஓட்டலிலிருந்து புளிசாதப் பொட்டலம் வாங்கிப் போட்டார்களே, அந்தக் கல்யாணத்தின் பெண் நான்தான். இப்போது உங்களில் பலருக்கு என்னைத் தெரிந்திருக்கும்.

இவ்வளவு விவரம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில்தான் சொல்ல முடியும்.

நேற்று தபாலில் ஒரு சான்றிதழ் வந்தது. நான் பயிற்சிக்குப் போன ஆலோசனை மையம் அனுப்பியது. பாரிசுக்கு வடக்கே, நாங்கள் குடியிருக்கும் புறநகரில், ஒரு தபால் நிலையத்தின் மாடியில் இருக்கிறது அந்த மையம். மனம் நொந்தவர்கள் வந்து பேசுவார்கள். எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்பார். ஓராண்டுப் பயிற்சி முடிந்ததற்கான தாள் அது. அதில் இரண்டு வரிகள். செவிமடுத்தல்: ஒன்பது மணி நேரம். வரவேற்பு மேசை: முந்நூற்று நாற்பது மணி நேரம்.

என் கணவர் வாங்கிப் பார்த்தார். "ஒரு வருஷம் புள்ளைய ஸ்கூல் கேன்டீன்ல சாப்புட வுட்டுட்டுப் போனியே, வாங்க உக்காருங்கன்னு சொல்லத்தானா?" என்றார்.

தாளை வாங்கி மடித்து வைத்தேன். இரண்டாவது எண்ணுக்கு விளக்கம் சொல்லப் போனால், முதல் எண் ஏன் ஒன்பதோடு நின்றது என்று மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும்.

2

என் மகள் அபியின் பள்ளி வாசலில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் விண்ணப்பித்தேன். 'முன் அனுபவம் தேவையில்லை. வேறு மொழி தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை.' முன் அனுபவம் இல்லாதது மட்டும்தான் என்னிடம் நிறைய இருந்தது. காரைக்காலில் படித்த தாவரவியல் பட்டம் இங்கே ஒரு காகிதம். அதைச் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் பிரெஞ்சில் வாங்கியபோது இரண்டு காகிதமானது, அவ்வளவுதான்.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு அது கிடையாது, 'ந.' என்ற ஓர் எழுத்துதான். வந்த புதிதில் அலுவலகத்தில் ஒருவர், அந்த எழுத்துக்கு விரிவு என்ன என்று கேட்டு, அதையே கட்டத்தில் எழுதிவிட்டார். எட்டு ஆண்டுகளாக நான் இங்கே மதாம் நடராசன். திருமதி நடராசன் என்றால் என் அம்மா. இதைச் சொல்லித் திருத்தப் பார்த்தேன். திருத்த வேண்டுமானால் பிறந்த ஊர்க் கொம்யூன் அலுவலகத்திலிருந்து புதுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். விட்டுவிட்டேன்.

மையத்தின் பொறுப்பாளர் சொலான்ழ் என்ற பெண்மணி. சிரிக்க மாட்டார். ஆறு சனிக்கிழமைகள் வகுப்பு. ஒருவர் துயரப்படுகிறவராக நடிப்பார், இன்னொருவர் கேட்க வேண்டும். என் முறை வந்தபோது எதிரில் இருந்த பெண் கணவனை இழந்தவளாக நடித்து நிஜமாகவே அழுதுவிட்டாள். நான் பதறிப் போய், "அழாதீங்க, எல்லாம் சரியாயிடும், ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"ஒரு நிமிடத்தில் அவள் வாயை மூன்று முறை மூடினீர்கள்" என்றார் சொலான்ழ். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் எல்லாவற்றையும் எழுதுகிறவள். 'ஆலோசனை சொல்லாதே. எனக்குப் புரிகிறது என்று சொல்லாதே. மௌனத்தை நிரப்பாதே.' அந்தத் தொழில் முழுக்கச் செய்யாதே, சொல்லாதே என்பதாகவே இருந்தது. மருமகளாக இருந்து பழகியவளுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை என்று நினைத்தேன்.

கடைசி வகுப்பில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். 'வந்தவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை வெளியே சொல்ல மாட்டேன்.' அந்த மூன்றையும் நோட்டில் சிவப்பு மையால் இரண்டு முறை அடிக்கோடிட்டேன். பரீட்சையில் வரும் கேள்வி போல.

3

ரகசியத்தை நம்மூர் எப்படி நடத்தும் என்று எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, டவுன் பஸ்ஸில் முன்பின் பார்த்திராத ஓர் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் கீரைக்கட்டு.

"எந்த ஊரும்மா?"

"தருமபுரம்."

"யாரு வூடு?"

"பண்டகசாலை நடராசன் வூடுங்க."

"அட, ஒன்னத்தானா? போலகத்து மாப்ள வூட்டுல வேணாம்னுட்டாங்களாமே. உசரம் பத்தலன்னு பேசிக்கிட்டாங்க. நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத. அந்தப் பையனும் ஒண்ணும் அப்புடி உசரமில்ல."

போலகத்திலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்ததே எனக்குத் தெரியாது. பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் உயரத்தை அளந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பஸ் நிலையம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வகுப்புக்குப் போகவில்லை. அரசலாற்றுப் பாலத்தில் நின்றுவிட்டுத் திரும்பினேன். வீட்டில் யாரிடமும் கேட்கவும் இல்லை.

பிறகு யோசித்தபோதுதான் உறைத்தது. அந்த அம்மா கடைசிவரை என் பெயரைக் கேட்கவே இல்லை.

உறைத்தது என்று எழுதுகிறேன். உறைத்திருந்தால் பத்து ஆண்டுகள் கழித்து நான் அதைச் செய்திருக்க மாட்டேன்.

4

முதல் எட்டு மணி நேரம் பெரிய பிழை எதுவும் இல்லை. ஒன்பதாவது மணி நேரத்தில் அந்தப் பெண் வந்தார்.

அவரைப் பற்றி நான் சொல்லப்போவது இவ்வளவுதான்: தமிழ்ப் பெண். நம் பக்கம். திருமணமாகி இங்கே வந்தவர். ஒரு குழந்தை. வயது, ஊர், கணவரின் வேலை எதுவும் இங்கே வராது. கண்டுபிடிக்க முயல வேண்டாம். முயல்வீர்கள் என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் ஒரு வார்த்தை இல்லை. மௌனத்தை நிரப்பாதே என்று என் நோட்டில் இருக்கிறது. என்னால் முடியவில்லை.

"ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"அட, அங்கதானா! யாரு வூடு?"

அதையும் சொன்னார். தயங்கித்தான் சொன்னார். அந்தத் தயக்கத்தை நான் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த கேள்வியில் அவர் கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தது என்பதுவரை போய்விட்டேன். நானும் தருமபுரம்தான் என்று சொன்னேன். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. வேறு எந்த ஆலோசகருக்கும் இல்லாத ஒன்று என்னிடம் இருப்பதாக நினைத்தேன்.

"அக்கா, இதெல்லாம் வெளிய போவாதுல்ல?"

"சத்தியமா போவாதுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம்."

அதன் பிறகு முக்கால் மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்பதும் இங்கே வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் கடையில் வாங்கும் கார்டைச் சுரண்டி அம்மாவுக்குப் போன் செய்வேன். அந்த ஞாயிறு அம்மா ஆரம்பத்திலேயே குத்தினார்.

"அங்க நீ என்ன வேலதாண்டி செய்ற? கேக்கறவங்களுக்குச் சொல்லத் தெரியல. அடுத்தவ கதைய உக்காந்து கேக்க ஒரு வேலையான்னு கமலா சிரிக்கிறா."

கமலா பக்கத்து வீடு. எனக்குச் சுருக்கென்றது. நான் செய்வதும் வேலைதான் என்று யாருக்காவது காட்ட வேண்டியிருந்தது.

"கதையெல்லாம் இல்லம்மா. நம்ம பக்கத்துப் பொண்ணே ஒண்ணு வந்துச்சு. பாவம், மனசு சரியில்லாம இருக்கு."

"யாரு?"

"பேரெல்லாம் சொல்லக் கூடாது."

"பேரு எனக்கு எதுக்கு? எந்த ஊரு?"

சொன்னேன். அம்மா இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்றுக்குப் பதில் சொன்னேன். கார்டில் இன்னும் ஒரு நிமிடம்தான் என்று அந்த இயந்திரக் குரல் சொன்னது. போனை வைத்த பிறகு, பெயரைச் சொல்லவில்லை, முகவரியைச் சொல்லவில்லை, தொலைபேசி எண்ணைச் சொல்லவில்லை என்று மனதுக்குள் மூன்றையும் சரிபார்த்துக்கொண்டேன். அம்மா அவ்வளவு கேட்டும் பெயரைச் சொல்லாமல் இருந்துவிட்டேனே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

5

அவர் வந்து பேசிவிட்டுப் போன பன்னிரண்டாவது நாள், ஒரு புதன்கிழமை, வரவேற்பு மேசையிலிருந்து சத்தம் கேட்டது.

"எங்க அவ? தருமபுரத்துக்காரி எங்க?"

நான் வெளியே வந்தேன். அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தார். பின்னாலேயே சொலான்ழும் தம் அறையிலிருந்து வந்தார்.

"எம் மாமியா ஊர்லேருந்து மவனுக்குப் போன் பண்றாங்க. ஒம் பொண்டாட்டி பைத்தியக்கார டாக்டருகிட்டப் போறாளாமே, புள்ளைய அவகிட்ட வுட்டு வைக்காதன்னு. எங்க வூட்டுக்காரரோட தம்பி அடுத்த மாசம் ஊருக்குப் போறாரு. அவருகூட எம் புள்ளைய அனுப்பப் போறாங்க. டிக்கெட் போட்டாச்சு. யாருகிட்ட சொன்ன நீ?"

போன தடவை 'அக்கா' என்றவர்.

"நான் ஒங்க பேரச் சொல்லலைங்க."

"பேரு! பேரு யாருக்கு வேணும்? பேர வுட்டுட்டு மிச்சம் எல்லாத்தையும் சொல்லியிருக்க. அதுக்கு நீ எம் பேர மட்டும் சொல்லியிருக்கலாம். இந்தப் பேருல ஊர்ல நாப்பது பேரு இருக்காளுவோ. எவளோ ஒருத்தின்னு போயிருக்கும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. அதைவிடச் சரியாக அந்த மாடியில் யாரும் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

"என்ன சொல்கிறார்?" என்றார் சொலான்ழ்.

அந்த மையத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் என் மேல் சுமத்தும் குற்றத்தை நானே பிரெஞ்சில் சொல்ல வேண்டும்.

"குடும்பத்தில் பிரச்சினை. மிகவும் பதற்றமாக இருக்கிறார்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ நேரம் நான் கத்துனது இவ்ளோதானா? எம் புள்ளங்கறதுக்கு இவங்க வார்த்த என்னன்னு எனக்குத் தெரியும். அத நீ சொல்லல."

உடனே உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. ஒரு நிமிடம் கணக்குப் போட்டேன். சொன்னால் என் இடம் போகும். வீட்டில் என் கணவர் சிரிப்பார், ஊரில் கமலா சிரிப்பாள். சொல்லாவிட்டால் இந்தப் பெண் கத்திவிட்டு இறங்கிப் போய்விடுவார். பதற்றமான பெண் என்று நோட்டில் ஒரு வரி எழுதுவார்கள். குழந்தை கோட்டுக் காலரை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அது விமானத்தில் இருக்கும்.

"மறுபடி சொல்லுங்க. ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். ஒவ்வொரு வாக்கியமாகப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் 'நீ சொன்ன' என்ற இடத்திலெல்லாம் 'நான் சொன்னேன்' என்று சொல்ல வேண்டியிருந்தது. குழந்தை என்ற வார்த்தை வந்தபோது அவர் தலையை ஆட்டினார், ஆசிரியர் போல.

சொலான்ழ் என்னிடம் கேட்டார்: "பெயரைச் சொன்னீர்களா?"

"இல்லை."

"முகவரி?"

"இல்லை."

"பிறகு எப்படித் தெரிந்தது?"

அங்கேயே நான் தப்பித்திருக்கலாம். அவர் தாளின்படி நான் எதையும் மீறவில்லை.

"எங்கள் ஊரில் பெயரைக் கடைசியாகத்தான் கேட்போம் மதாம். பல நேரம் கேட்கவே மாட்டோம். ஊரும் வீடும் போதும். அந்த இரண்டையும் என் அம்மாவிடம் சொன்னேன்."

சொலான்ழ் என்னைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு நாற்காலி போட்டார். ஒரு தாய் எதிர்ப்பு எழுதிக் கொடுத்தால் குழந்தையை எல்லையைத் தாண்ட விட மாட்டார்கள், அதற்கு மனு இருக்கிறது, இன்றே எழுதலாம் என்றார். என்னிடம் ஒரே ஒரு வார்த்தை: "மொழிபெயருங்கள்."

மொழிபெயர்த்தேன். மறுநாள் காலை மையத்தின் மூத்த ஆலோசகர் ஒருவர் அவரைப் பிரெபெக்தூருக்கு, அதாவது இங்கத்தி ஆட்சியர் அலுவலகத்துக்கு, அழைத்துப் போனார். நானும் வருகிறேன் என்றேன். "இவ வேணாம்" என்றார் அந்தப் பெண். அதையும் நானேதான் மொழிபெயர்த்தேன்.

6

அந்த ஞாயிறு அம்மாவிடம் சண்டை போட்டேன்.

"நான் என்னடி ஊர்ல தண்டோராவா போட்டேன்? கமலாகிட்ட மட்டுந்தான் சொன்னேன். அதும் அவ சிரிக்கிறாளேன்னு, எம் பொண்ணு செய்றதும் வேலதான்னு சொன்னேன்."

நான் அம்மாவிடம் சொன்னதற்கும் அதே காரணம்தான். கமலாவிடமிருந்து அது யாரிடம் போனது என்று அம்மாவுக்குத் தெரியும். இங்கே எழுதினால் ஊர் தெரிந்துவிடும். செய்தி கடல் தாண்டிப் போய், திரும்பக் கடல் தாண்டி வந்து, என் வீட்டிலிருந்து மூன்று நிறுத்தம் தள்ளியிருக்கும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது என்று மட்டும் சொல்கிறேன்.

"மனசு சரியில்லன்னு நீதான சொன்ன. அத மூளை சரியில்லன்னு ஆக்குனது நானா?" என்றார் அம்மா.

இல்லை. அதை ஆக்குவதற்கு வழியில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

என் கணவரிடம் சொன்னபோது, "அடுத்தவங்க வூட்டு விஷயத்துல தலைய வுடாதன்னு மொதல்லயே சொன்னேன்" என்றார். முதலில் அவர் சொன்னது அது இல்லை. சும்மா வீட்டில் இருப்பதற்குப் போய்வா என்றுதான் சொன்னார். நான் திருத்தவில்லை. அன்று எனக்கு யாரையும் திருத்தும் யோக்கியதை இல்லை.

அதே வாரம் அபியின் பள்ளிப் பையைத் திறந்து அவள் படம் வரையும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏழு வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். வந்து நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "அது என்னுடையது. கேட்டுவிட்டு எடு" என்றாள், பிரெஞ்சில்தான். வேறொரு வாரமாக இருந்தால், இப்படிப் பேச எங்கே கற்றாய் என்று கையை ஓங்கியிருப்பேன். கையை எடுத்துக்கொண்டேன். அவள் என்னைவிட்டு விலகிப் போகிறாளா, எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்திருக்கிறாளா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை மையத்திலிருந்து நீக்கவில்லை. படிவங்களைத் தமிழில் விளக்க ஆள் வேண்டுமே. அறையிலிருந்து வரவேற்பு மேசைக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் என்னிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

7

அடுத்த மாதம் அந்தப் பெண்ணின் கொழுந்தன் மட்டும் ஊருக்குப் போனார். குழந்தை போகவில்லை. அதற்காக அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் இடத்தில் நான் இல்லை.

அந்தப் பெண் செவ்வாய்க்கிழமைகளில் வருகிறார். என்னைப் பார்த்து "போன்ழூர், மதாம்" என்கிறார், முன்பின் தெரியாதவரிடம் சொல்வது போல. நானும் "போன்ழூர், மதாம்" என்கிறேன். எந்த பஸ்ஸில் வந்தார், சாப்பிட்டாரா, குழந்தைக்குச் சளி விட்டதா, எதுவும் கேட்பதில்லை. அவர் உள்ளே போய் அந்த மூத்த ஆலோசகரிடம் தம்மிடம் இருக்கும் கொஞ்சம் பிரெஞ்சில் பேசுகிறார். கதவுக்கு வெளியே தடுமாறும் குரல் மட்டும் கேட்கும். ஒரு சொல் கிடைக்காமல் நின்று, வேறொரு சொல்லைத் தேடி எடுத்துத் தொடர்வார். நன்றாகப் பேசத் தெரிந்த தமிழ் இந்தப் பக்கம் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. அதை அவர் நம்புவதாக இல்லை. சொல் கிடைக்காத மொழிதான் என்றாலும், அதில் பேசினால் ஊருக்குப் போகாது.

அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன். என்ன சொல்கிறார் என்று காதில் விழாத தூரம்.

போன செவ்வாய்க்கிழமை அவர் கிளம்பும்போது கேட்டேன். மேசைக்கு மாற்றிய பிறகு நான் அவரிடம் பேசிய முதல் தமிழ் வாக்கியம்.

"நான் செஞ்சதப் பத்தி ஊர்ல இருக்கறவங்க படிக்க எழுதலாம்னு இருக்கேன். ஒங்க அடையாளம் எதுவும் வராது. வேணாம்னா எழுதல."

குழந்தைக்குக் குல்லாயை மாட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எழுது. ஆனா இந்தத் தடவ ஒன்னோடதப் போடு. ஒம் பேரு, ஒங்கப்பா பேரு, ஒங்க வூடு, ஒங் கல்யாணம், எல்லாத்தையும் போடு. கொஞ்ச நாள் ஒன்னப் பத்திப் பேசட்டும்."

படியிறங்கிப் போய்விட்டார்.

அதனால்தான் முதலிலேயே எல்லாவற்றையும் போட்டிருக்கிறேன், பச்சை கேட் உட்பட. பேசிக்கொள்ளுங்கள்.

அம்மா, நீயும் இதைப் படிப்பாய். கமலா அத்தை வந்து, வளர்மதியா இப்படிச் செய்தாள் என்று கேட்டால், ஆமாம், என் மகள்தான் என்று சொல். புளிசாதக் கல்யாணம்தானே என்று கேட்டால் அதற்கும் ஆமாம் சொல். அந்தப் பெண் யார் வீடு என்று கேட்டால், தெரியாது என்று சொல். உனக்குத் தெரியும். இருந்தாலும் தெரியாது என்று சொல்.